பாடத்துக்கு வெளியே என்ன நடக்கிறது? அமெரிக்கப் பொதுப்பள்ளி மாவட்டங்கள் பற்றித் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கும். டிசம்பரிலோ பிப்ரவரியிலோ கேட்பவர்களுக்குப் பாதி நேரம் கிடைக்கும் பதில், "அதற்குத் தேதி முடிந்துவிட்டதே" என்பதுதான். திறமை இல்லாமல் வாய்ப்பை விட்ட பிள்ளைகளைவிட, வீட்டில் யாருக்கும் தேதி தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் பள்ளிக்குப் பள்ளி மாறும். அதனால் உங்கள் மாவட்டத்தின் மாணவர் கையேட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாவட்டம் என்றால் நம் ஊர்க் கல்வி மாவட்டம் மாதிரியா?

பெயர்தான் ஒன்று. தமிழ்நாட்டில் மாவட்டக் கல்வி அலுவலர் அரசுத் துறையைச் சேர்ந்தவர். உத்தரவு சென்னையிலிருந்து வரும். இங்கே பெரும்பாலான மாவட்டங்களை நடத்துவது உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம். அன்றாட நிர்வாகத்துக்கு அந்த வாரியம் ஒரு சூப்பரின்டென்டென்டை நியமிக்கும். நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 மாவட்டங்கள் உள்ளன. ஹவாயில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம். டெக்சஸ்காரர்கள் 'ஐ.எஸ்.டி.' என்று சொல்வதும் இதைத்தான்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிளப், பேண்டு, பள்ளி டீம் எல்லாம் பள்ளியும் மாவட்டமும் நடத்துபவை. யார் விளையாடலாம், பள்ளி மாறினால் எவ்வளவு காலம் ஆட்டத்தில் இறங்காமல் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் மாநில அமைப்பு சொல்லும்: டெக்சஸில் யு.ஐ.எல்., கலிஃபோர்னியாவில் சி.ஐ.எஃப். கணக்கு, ஸ்பெல்லிங், ரோபாட்டிக்ஸ் போட்டிகளோ வெளி அமைப்புகள் நடத்துபவை. அவற்றில் பலவற்றுக்குப் பள்ளியோ அங்குள்ள ஓர் ஆசிரியரோ பதிவு செய்திருக்க வேண்டும். "எங்கள் பள்ளியில் அது இல்லையே" என்று வருத்தப்படுவதற்கு முன், பொறுப்பெடுக்க ஓர் ஆசிரியர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். பல இடங்களில் குறை அது ஒன்றுதான்.

எந்த மாதம் எதைக் கவனிக்க வேண்டும்?

பள்ளி திறக்கும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். இலையுதிர்கால விளையாட்டுகளுக்கான டீம் தேர்வும் மார்ச்சிங் பேண்டு முகாமும் கோடை விடுமுறையிலேயே நடக்கும். டாக்டர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் இல்லாமல் கோச் மைதானத்துக்குள் விடமாட்டார். அந்தப் படிவத்துக்காக ஆகஸ்டில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைப்பது சிரமம், ஜூனிலேயே முடித்துவிடுங்கள்.

செப்டம்பரில் கிளப் அறிமுக நாள். மதிய உணவு நேரத்தில் வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்துத் தாள். அக்டோபரில், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வு. உயர்நிலைப் பள்ளிக்கான ஏ.எம்.சி. 10, 12 கணிதத் தேர்வுகள் நவம்பரில், எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கான ஏ.எம்.சி. 8 ஜனவரியில். 'ஃபர்ஸ்ட்' என்ற பெரிய ரோபாட்டிக்ஸ் போட்டியின் அந்த ஆண்டு விளையாட்டு என்ன என்பதை ஜனவரித் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். மேத்கவுண்ட்ஸ் கணிதப் போட்டியின் வட்டாரச் சுற்று பிப்ரவரியில் வரும். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வும் குளிர்காலத்திலேயே நடந்துவிடும். ஆர்கெஸ்ட்ரா, ஆண்டு மலர், விவாதம் போன்றவை பல பள்ளிகளில் தனிப் பாடவேளைகள் என்பதால், அந்தப் படிவத்தில் குறிக்காமல் விட்டால் ஒரு வருடம் போயிற்று.

மார்க் குறைந்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களா?

ஆம், நம் வீட்டு ஒழுங்கைவிடக் கறாராகவே எடுப்பார்கள். டெக்சஸில் 1984-ல் கொண்டுவந்த சட்டத்தை 'நோ பாஸ், நோ ப்ளே' என்பார்கள். ஒரு மதிப்பீட்டுக் காலத்தின் முடிவில் ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு வரலாம், உட்கார்ந்து பார்க்கலாம். விளையாட்டுக்கு மட்டுமல்ல, பேண்டுக்கும் நாடகத்துக்கும் இது பொருந்தும். சில மேல்நிலைப் பாடங்களுக்கு மாவட்டம் விலக்கு தரலாம். எவை என்று முன்னமே கேட்டு வைப்பது நல்லது.

கலிஃபோர்னியாவில் நான்குக்கு 2.0 சராசரி வேண்டும். தவறினால் ஒரு பருவம் வரை தவணை தர மாவட்டத்துக்கு அதிகாரம் உண்டு.

நம் பெற்றோர் சிலர் 95 வாங்கும் பிள்ளை 88-க்கு வந்ததும் டென்னிஸை நிறுத்திவிடுகிறார்கள். மாநிலமே 70-க்கு விளையாட விடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

டீம் தேர்வில் என் மகனை எடுக்கவில்லை. கோச்சிடம் நான் பேசலாமா?

முதலில் அவன் பேசட்டும். "அடுத்த வருடம் இடம் கிடைக்க நான் எதில் தேற வேண்டும்?" என்று பிள்ளை நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலான கோச்சுகள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அதே கேள்வி பெற்றோரிடமிருந்து இரவு பதினொரு மணி மின்னஞ்சலாக வந்தால் வேறு மாதிரி போய்விடும். பாதுகாப்பு, அவமதிப்பு போன்ற விஷயங்கள் வேறு. அதற்கு நீங்களே போகத்தான் வேண்டும்.

எல்லா விளையாட்டிலும் கழித்துக் கட்டுவதில்லை. கிராஸ் கன்ட்ரி, தடகளம் இரண்டிலும் பல பள்ளிகள் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். கூடைப்பந்தில் பதினைந்து பேருக்குமேல் இடம் இருக்காது, ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஓட இன்னொருவர் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வார்சிட்டி என்பது முதல் அணி, ஜே.வி. என்பது அடுத்த அணி. ஒன்பதாம் வகுப்பில் ஜே.வி.யில் இருப்பது குறையே இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. 1972-ன் டைட்டில் நைன் சட்டப்படி மத்திய அரசின் பணம் பெறும் பள்ளி விளையாட்டு வாய்ப்பில் பாலின பேதம் காட்டக் கூடாது. பையன்கள் அணிக்கு நல்ல நேரம், நல்ல மைதானம், பெண்கள் அணிக்கு மீந்தது என்றிருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென ஓர் அலுவலர் இருப்பார்.

பொதுப்பள்ளிதானே, ஏன் இவ்வளவு பணம் கேட்கிறார்கள்?

பல மாநிலங்களில் பங்கேற்புக் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு: 1984-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பாடத்துக்கு வெளியேயான நடவடிக்கைகளும் இலவசக் கல்வியின் பகுதிதான், கட்டணம் கூடாது என்று தீர்ப்பளித்தது. அங்கே வருவது 'நன்கொடை வேண்டுகோள்'. தராத வீட்டுப் பிள்ளையை ஒதுக்க முடியாது.

பேண்டுக்கோ டீமுக்கோ பணம் திரட்டும் பூஸ்டர் கிளப் பொதுவாகப் பெற்றோர் நடத்தும் தனி அமைப்பு. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் நாச்சோஸ் விற்பதும், வீடு வீடாகக் குக்கி மாவு ஆர்டர் பிடிப்பதும் அவர்கள் வேலை. கட்டண விலக்கு தேவைப்பட்டால் கூச்சப்படாமல் அலுவலகத்தில் கேளுங்கள்.

பேண்டை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அதில் சேர்த்தால் படிப்பு கெடுமா?

ஆகஸ்ட் மத்தியில் ஏதாவது ஒரு உயர்நிலைப் பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். தார்த்தரையில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் கோடுகளைப் பெயின்ட்டில் வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் காலடியிலும் பெரிய தண்ணீர்க் குடுவை. மெட்ரோனோம் ஒலிபெருக்கியில் டக் டக் என்று அடிக்க, எட்டு எண்ணி ஐந்து கெஜம் நடப்பார்கள். திரும்பி வந்து மறுபடியும் அதே ஐந்து கெஜம். இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் பார்க்க, கால்கள் இன்னொரு பக்கம் போகும். டியூபா தூக்குகிற ஒல்லிப் பையனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நவம்பரில் அதே பையன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மாநிலப் போட்டியில் நிற்பான்.

நேரம் நிறையப் போகும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வாரத்துக்குப் பல நாள் மாலைப் பயிற்சி, வெள்ளிக்கிழமை ஆட்டம், சனிக்கிழமை போட்டி. ஆனால் புது ஊருக்கு வந்த பிள்ளைக்கு, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே தெரிந்த முகங்களை இத்தனை சேர்த்துத் தரும் இடம் பள்ளியில் வேறு இல்லை. மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழாது. நம் வீடுகளில் பேண்டைக் கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கர்னாடக வயலின் படிக்கும் பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். சம்மணமிட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்த கைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே பிடிப்பது முதலில் அந்நியமாக இருக்கும். ஸ-ப-ஸ-ப சுருதிக் கட்டும் இங்கே இல்லை, தந்திகள் நான்கும் வேறு வேறு ஸ்வரம். காதுஞானம் இருக்கிறதே என்று நோட்டேஷன் படிக்கக் கற்பதைத் தள்ளிப் போடாதீர்கள். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் அதுதான். மிருதங்கக்காரர்களுக்கும் இதே கதை. தாளம் கைவசம் இருக்கும், தாள் படிக்க வராது.

ஸ்பெல்லிங் பீ, கணக்கு, அறிவியல்: எதில் எந்த வயதில்?

ஸ்பெல்லிங் பீ எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். வயது வரம்பும் உண்டு. ஸ்க்ரிப்ஸ் தேசியப் போட்டிக்குப் பள்ளி பதிவு செய்து பள்ளிச் சுற்று நடத்தியிருக்க வேண்டும். 1925-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் 1985-ல் பாலு நடராஜன் வென்ற பிறகுதான் நம்மவர்களின் கண் அதன்மேல் விழுந்தது. இப்போது சில வீடுகளில் அது முழுநேர வேலையாகிவிட்டது. பிள்ளைக்கு வார்த்தைகளின் வேர் பிடித்திருந்தால் சரி. அகராதியைப் பார்த்தாலே ஓடினால் விட்டுவிடுங்கள்.

மேத்கவுண்ட்ஸ் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. சயன்ஸ் ஒலிம்பியாடில் ஒரு அணிக்கு 15 பேர், 23 போட்டிகள். யாரும் தனியாளாக ஜெயிக்க முடியாது என்பதே அதன் அழகு. ஒருவர் பாறைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பார், இன்னொருவர் பால்சா மரக்குச்சியில் கோபுரம் கட்டுவார்.

அகடமிக் டெகாத்லான் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்பது பேர் கொண்ட அணி. மார்க் சராசரியை வைத்து மூன்று பிரிவு, பிரிவுக்கு மூன்று பேர். அதாவது சுமாராகப் படிக்கிறவர்கள் என்று பெயர் வாங்கிய மூவர் இல்லாமல் முழு அணியே அமையாது. அந்த மூவரைத் தேடி ஆசிரியரே வருவார். ஒன்பதாம் வகுப்பில் கொஞ்சம் சறுக்கிய பிள்ளை வீட்டில் இருந்தால் இதை விசாரித்து வையுங்கள்.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்வது பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.யின் கலைப் போட்டி, ரிஃப்ளெக்‌ஷன்ஸ். ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். படம் வரையலாம், எழுதலாம், புகைப்படம் எடுக்கலாம், நடனம் அமைக்கலாம், இசை அமைக்கலாம், குறும்படம் எடுக்கலாம். தாளம் தெரிந்த பிள்ளை தானாக அமைத்த நான்கு வரி ஜதிக்கும் அங்கே இடம் உண்டு. பள்ளியில் பி.டி.ஏ. இயங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பொதுப்பள்ளியில் அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் சோகம். 'சீல் ஆஃப் பைலிட்டரசி' என்ற இருமொழித் தேர்ச்சி முத்திரையை 2011-ல் கலிஃபோர்னியா முதலில் சட்டமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பட்டயத்தில் முத்திரை. பட்டமளிப்பு அன்று அணியப் பல பள்ளிகள் பதக்கமோ கயிறோ தருகின்றன.

பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டாலும் வெளித் தேர்வு எழுதலாம். அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் டபிள்யூ.எஸ். தேர்வில் தமிழ் உள்ளது. எழுதுவதையும் பேசுவதையும் சோதிப்பார்கள். பல மாநிலங்கள் 'இன்டர்மீடியட் மிட்' (இடைநிலையின் நடுப்படி) நிலையைக் கேட்கின்றன, சில அதற்கும் மேலே. எந்தத் தேர்வை ஏற்கிறார்கள் என்பதை மாவட்டத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில மாவட்டங்கள் இதே மதிப்பெண்ணுக்கு அயல்மொழிப் பாடத்தின் கிரெடிட்டும் தருகின்றன. ஸ்பானிஷ் வகுப்புக்குப் பதில் வேறு பாடம் எடுக்க அது வழிவிடும்.

நம் பிள்ளைகள் இடறும் இடம் இலக்கணம் இல்லை, விசைப்பலகை. வருடக்கணக்கில் கோடு போட்ட நோட்டில் எழுதிய பிள்ளை, தேர்வில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய வேண்டும். 'ழ' எங்கே, 'ஞ்' எப்படி வரும் என்று தேடுவதிலேயே நேரம் கரையும். இரண்டு மாதம் பாட்டிக்குத் தினமும் தமிழில் நான்கு வரி தட்டி அனுப்பச் சொல்லுங்கள், போதும். இன்னொன்று, பேச்சிலும் எழுத்திலும் ஒற்றை வாக்கியத்தில் நிறுத்தக் கூடாது. "எனக்குப் பொங்கல் பிடிக்கும்" என்று முடித்தால் நிலை ஏறாது. ஏன் பிடிக்கும், சென்ற வருடம் யார் வந்தார்கள், பானை எங்கே வைத்தார்கள், பால் பொங்கும் முன் புகை எச்சரிக்கை மணி அடித்ததா என்று வாக்கியத்தோடு வாக்கியம் கோத்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பின் வசந்த காலம் வரை காத்திருக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம், அதாவது பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரிடம், ஆரம்பியுங்கள்.

பள்ளியில் தமிழ் மன்றம் தொடங்கலாமா?

உயர்நிலைப் பள்ளியில் நிச்சயம் முயலலாம். பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு கிளப்புக்கு இடம் கொடுத்த பள்ளி, பேசும் விஷயத்தைக் காரணம் காட்டி இன்னொரு கிளப்பை மறுக்கக் கூடாது என்று 1984-ன் ஈக்வல் ஆக்சஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் தொடங்க வேண்டியது மாணவர்கள். பெற்றோரோ தமிழ்ச் சங்கமோ வெளியிலிருந்து வந்து அதை நடத்த முடியாது. ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும், விண்ணப்பத் தேதியைத் தவறவிடக் கூடாது. வாழைமரமும் மாவிலையும் கொண்டு போகும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிவைத்து, பிள்ளைகள் நினைப்பதைச் செய்ய விடுங்கள்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறோம். எதில் எல்லாம் கதவு மூடியிருக்கும்?

பள்ளியின் கிளப், டீம், பேண்டு எதிலும் விசா ஒரு பொருட்டில்லை. நேஷனல் மெரிட் என்ற கல்லூரி உதவித்தொகைப் போட்டியைப் பற்றித்தான் பலருக்குச் சந்தேகம். பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்து, அடுத்த செப்டம்பரில் சுமார் 16,000 அரையிறுதியாளர்களை அறிவிப்பார்கள். வெட்டு மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் மிக உயரம். முன்பு இந்தப் போட்டிக்குக் குடியுரிமையோ, பச்சை அட்டையோ, நிராகரிக்கப்படாத நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பமோ கேட்டார்கள். இப்போது அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி படிக்கும் பிள்ளைக்கு அந்த நிபந்தனை இல்லை, வெளிநாட்டில் படிப்பவர்களுக்குத்தான். 

சம்பளம் தரும் கோடைப் பயிற்சிகள்தான் வேலை அனுமதி இல்லாத பிள்ளைக்கு ஆகாது. தன்னார்வப் பணிக்குத் தடையில்லை.

தங்க முத்திரையோடு 'கௌரவ சங்கம்' என்று கடிதம் வந்திருக்கிறது. சேரலாமா?

நேஷனல் ஆனர் சொசைட்டி 1921 முதல் இருக்கிறது. அழைப்பு உங்கள் பள்ளியின் கிளை வழியாகத்தான் வரும். குறைந்தது 3.0 சராசரி வேண்டும், பள்ளி அதை உயர்த்தலாம். மார்க் மட்டும் போதாது. சேவை, தலைமை, நடத்தை மூன்றையும் ஆசிரியர் குழு பார்க்கும். தபாலில் நேராக வந்து, பணம் கட்டினால் உறுப்பினர் என்று சொல்லும் கடிதங்கள் வேறு ரகம். கவுன்சிலரிடம் காட்டாமல் கார்டு எண்ணைத் தராதீர்கள்.

சேவை மணி நேரம் கட்டாயமா?

மேரிலாந்தில் கட்டாயம், பட்டம் பெற 75 மணி நேரம். மற்ற இடங்களில் மாவட்டத்தையும் கிளப்பையும் பொறுத்தது. கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மேற்பார்வையாளர் வேலை மாறியிருப்பார்.

கல்லூரிக்கு எத்தனை நடவடிக்கை போதும்?

பல கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் நடவடிக்கைக்குப் பத்து இடம், பரிசுகளுக்கு ஐந்து. ஒவ்வொரு நடவடிக்கையையும் விளக்க 150 எழுத்துகள்தான். பத்தையும் நிரப்ப வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. பதினொன்றாம் வகுப்பில் திடீரென ஆறு கிளப்பில் 'துணைத் தலைவர்' ஆனவர்களைப் படிக்கிறவர்களுக்கு அடையாளம் தெரியும். நான்கு வருடம் மேடைக்குப் பின்னால் விளக்கு இயக்கிய பிள்ளைக்கு அந்த 150 எழுத்துக்குள் சொல்ல நிறைய இருக்கும்.

பரிசு வாங்கினால் படத்தையும் பெயரையும் வெளியிடுகிறார்களே, தடுக்க முடியுமா?

முடியும். மாணவர் தகவல்களைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி பெயர், பெற்ற பரிசுகள், பங்கேற்கும் விளையாட்டு போன்றவற்றை மாவட்டம் 'டைரக்டரி தகவல்' என்று வகைப்படுத்தி வெளியிடலாம்; வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஒரு எச்சரிக்கை: சில மாவட்டங்களில் அது முழுதாக மறுப்பதாகிவிடும், ஆண்டு மலரிலும் பட்டமளிப்பு ஏட்டிலும் பெயர் வராது. படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாரியக் கூட்டத்தில் மகளைப் பாராட்டப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நேரத்துக்கு முன் போங்கள். பாராட்டு பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்திலேயே வரும். பெயர் வாசிப்பார்கள், வாரிய உறுப்பினர்களோடு கைகுலுக்கி ஒரு படம். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'யாழினி'யை என்னவாக்குவார்கள் என்று சொல்ல முடியாது.

படம் எடுத்ததும் அரங்கில் முக்கால்வாசி காலியாகும், ஐஸ்கிரீம் கடையில் கூட்டம் சேரும். ஆனால் அதே நிரலில் பின்னால் பட்ஜெட் இருக்கும். அடுத்த வருடம் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர் இருப்பாரா, விவாத அணிக்குப் பேருந்து உண்டா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பொதுமக்கள் கருத்துக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். முன்னமே பெயர் பதிந்து, "என் மகள் இந்த வகுப்பில் இதைக் கற்றாள்" என்று ஒரு பெற்றோர் சொன்னால் அது குறிப்பில் ஏறும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் எழுதி வைத்துப் படிக்கலாம், அல்லது மின்னஞ்சலில் அனுப்பலாம்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். பயிற்சி முடிந்து யார் அழைத்து வருவது?

சில மாவட்டங்களில் மாலை தாமதப் பேருந்து ஓடும். போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள், அறிவிப்புப் பலகையில் எல்லாவற்றையும் போடமாட்டார்கள். இல்லையென்றால் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே உங்கள் தெருப்பக்கம் இருக்கும் இரண்டு குடும்பங்களின் எண்ணை வாங்கிவிடுங்கள். செவ்வாய் நீங்கள், வியாழன் அவர்கள். சனிக்கிழமைப் போட்டிக்கு அதிகாலை ஐந்தரைக்குக் கொண்டு விடும் முறையை நீங்களாகவே கேட்டு வாங்கினால், வார நாட்களில் உங்களிடம் யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.